அசைவெண் தொண்ணூற்றேழு

"வயிறு வலிக்கி டாக்டர்," என்றான் இசக்கிராஜ்.

மருத்துவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டில் இருந்த சாம்பல் நிறப் பட்டையைப் பார்த்தார். அதில் பச்சை எழுத்தில் 97 என்று ஒளிர்ந்தது.

"தொண்ணூத்தேழு," என்றார் சிரித்தபடி. "இந்த வாரம் வந்தவங்கள்ல உங்களதுதான் கூடுதல் அண்ணாச்சி. எனக்கே தொண்ணூத்தொண்ணுதான்."

"அது கை கால் நடமாடுத எண்ணு. நான் வயித்தச் சொல்லுதேன்."

"எல்லா வலிக்கும் இந்த ஒரு எண்தான். வயிறு நெசமாவே வலிச்சா ஒடம்பு அடங்கிப் போகும். உங்க ஒடம்பு அடங்கலையே. காலையில எத்தனை காற்றாலை ஏறினிய?"

"ரெண்டு."

"பாருங்க."

இசக்கிராஜ் திரும்பி, சுவரோரம் நின்றிருந்த மனைவியைப் பார்த்தான். அசைவெண் என்பதை இந்த நாட்டுக்குக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அவர்கள் உள்ளே நுழைந்ததுமே மருத்துவர் எழுந்து வணங்கியது அவளைத்தான். பொன்னருவியின் கண்ணும் பட்டையின் மேல்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "ஏட்டி, நீயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? எண் இருக்கே."

"எம் பொண்டாட்டி டாக்டர்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேன். எலிக்குத்தான் டாக்டர்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது அவன் வலது கை தானாக விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டதை அவள் கவனித்தாள். பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவாயிலிருந்து வந்த காற்றில் சமவெளி முழுவதும் காற்றாலைகளின் வெள்ளை இறகுகள் சுழன்றுகொண்டிருந்தன. பழுது பார்க்க அந்தத் தூண்களின் உள்ளே ஏறி இறங்குவதுதான் இசக்கிராஜின் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் முழங்கால் தேய்ந்தபோது, ஏறுகிறவர்கள் எல்லோரையும் போல அவனும் 'மீளசை' எடுத்துக்கொள்ளத் தொடங்கினான். வாரம் ஒரு மாத்திரை. முதல் மாத்திரை விழுங்கி அரை மணி நேரத்தில் எழுந்து நடந்தான். அன்று பொன்னருவி கண் கலங்கிவிட்டாள். மீளசை அவள் ஆய்வுக்கூடத்தில் தேறி வெளியே வந்த மருந்து.

அவள் மாணவியாக இருந்த காலத்தில் வலி மருந்துகளை வேறு விதமாகச் சோதித்தார்கள். சுண்டெலியின் பாதத்தைச் சூடான தட்டில் வைப்பார்கள். எலி காலை உதறினால் வலிக்கிறது. உதறாவிட்டால் மருந்து வேலை செய்கிறது. ஆனால் எலியை மயக்கத்தில் ஆழ்த்தும் எந்தத் திரவமும் அந்தச் சோதனையில் தேறிவிடும். மயங்கிய எலி எதை உதறும்? அப்படித் தேறிய மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டு, தூங்கிக் கிடந்தவர்களை நலமடைந்தவர்கள் என்று எழுதினார்கள். இளம் வயதில் பொன்னருவிக்கு அது பொறுக்கவில்லை.

அவள் கேள்வியைத் திருப்பிப் போட்டாள். வலி உயிரை உதற வைக்கிறது என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, வலி உயிரை நிறுத்துகிறது. வலிப்பவன் நடக்க மாட்டான், உண்ண மாட்டான், ஓரமாகச் சுருண்டுகொள்வான். அப்படியானால் நின்றுபோன அசைவைத் திரும்பக் கொண்டுவருவதுதான் நல்ல மருந்து. அவள் ஓர் ஈரறைப் பெட்டி செய்தாள். இரண்டு சின்ன அறைகள், நடுவே ஒரு வாசல், வாசலில் ஓர் ஒளிக்கதிர். எலி ஒவ்வொரு முறை வாசலைக் கடக்கும்போதும் கதிர் அறுபட்டு ஓர் எண் கூடும். நலமான எலி கால் மணி நேரத்தில் முப்பது முறை கடக்கும். வயிற்றுக்குள் நீர்த்த லாக்டிக் அமிலம் செலுத்தப்பட்ட எலி நான்கு முறை கடந்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடும். மயக்க மருந்து அதை எழுப்பாது. வெறுமனே துள்ள வைக்கும் மருந்து நலமான எலியையும் துள்ள வைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மீளசை நலமான எலியை ஒன்றும் செய்யவில்லை. அமிலம் ஏற்றிய எலியை இருபத்தொன்பது முறை கடக்க வைத்தது.

பெட்டிகளுக்குக் கறுப்பு மூடி போட்டவளும் அவள்தான். பார்க்கிறவன் தனக்கு வேண்டியதையே பார்ப்பான் என்று அவள் உறுதியாக நம்பினாள். கதிர் எண்ணட்டும், மனிதக் கண் உள்ளே போகக் கூடாது. பார்க்கப்பட்ட எலியின் கணக்கு செல்லாது என்று விதி எழுதினாள். பதினைந்து வருடமாக எந்த ஆய்வாளரும் அந்த மூடியைத் திறந்ததில்லை.

எலிக்குப் பொருந்தியது மனிதனுக்கும் பொருந்தியது. பெட்டி சுருங்கிப் பட்டையாகி மணிக்கட்டில் ஏறியது. மருத்துவமனைகள் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்பதை நிறுத்தின. சொல் பொய் சொல்லும், உடல் சொல்லாது. எழுபதுக்குக் கீழே எண் இறங்கினால் மட்டுமே விடுப்பு, மருத்துவம் எல்லாம். உள்ளுறுப்புகளைப் படமெடுக்கும் கருவியின் கதவுகூட அந்த எண்ணைக் கேட்டுத்தான் திறக்கும்.

இசக்கிராஜ் ஒரு தந்திரம் செய்து பார்த்தான். இரண்டு நாள் கட்டிலில் அசையாமல் கிடந்தான். எண் இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் பட்டை மஞ்சளாக மாறி, 'பாவனை ஓய்வு' என்று எச்சரித்தது. வேண்டுமென்று அசையாமலிருப்பவனின் தசை விறைத்திருக்கும். அந்த நுண்ணிய நடுக்கம் அதற்குத் தெரியும்.

"என்ன பட்டைடா இது," என்று எழுந்து உட்கார்ந்தான். "எங்க வாத்தியார் பரவாயில்ல. வயித்துவலின்னா வீட்டுக்காவது அனுப்புவாரு."

"உங்களுக்கு மெய்யாவே வலிக்குதா?" என்றாள் பொன்னருவி. "இல்ல பயமா?"

அவன் கையை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினான்.

"அருவி, எப்படிச் சொல்லன்னு தெரியல. உள்ள கங்கு வச்ச மாதிரி இருக்கு. படுத்துரணும் போல இருக்கணும்லா? அப்படி இல்ல. வலி ஒரு பக்கம் கெடக்கு, காலு அது பாட்டுக்குப் போவுது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுடன் ஆய்வுக்கூடம் வரை வந்தது.

கூடத்தில் எலிகளின் கூண்டுகளைச் சுத்தம் செய்பவள் மரியசெல்வம். பதினெட்டு வருட வேலை. பொன்னருவி எதற்கென்று தெரியாமலே அவளிடம் போய் நின்றாள்.

"மரியசெல்வம், மீளசை குடுத்த எலிங்க கூண்டுக்குத் திரும்பினதும் எப்படி இருக்கும்?"

மரியசெல்வம் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். "என்ன மேடம், திடீர்னு?"

"சும்மாதான்."

"நடக்கும். நல்லா நடக்கும். ஆனா மெத்த கட்டாது."

"மெத்தையா?"

"கூண்டுக்கு ஒரு பஞ்சுத் துண்டு போடுதோம்லா? சொகமா இருக்குற எலி அதப் பிச்சுப் பிச்சு வட்டமா மெத்த கட்டி நடுவுல படுத்துக்கிடும். புளிப்பு ஊசி போட்டது கட்டாது. பழைய மருந்துங்க குடுத்தா கட்டும். இந்த மீளசை குடுத்தா கட்டாது. பஞ்சு போட்ட மேனிக்குக் கெடக்கும். அதச் சுத்திச் சுத்தி நடக்கும்."

"எத்தனை நாளா இப்படி?"

"அந்த மருந்து வந்த நாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டிய?" என்றாள் மரியசெல்வம். அவள் குரலில் கோபம் இல்லை. "எங்கிட்ட எத்தனை மூட்டை தவிடு வேணும்னு கேப்பிய. சொல்லுவேன்."

அன்று பிற்பகல் பொன்னருவி கறுப்பு மூடியைத் திறந்தாள்.

எலி நடந்துகொண்டிருந்தது. இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு, அந்த அறையிலிருந்து இந்த அறைக்கு. கதிர் அறுபட்டு எண் ஏறியது. ஆனால் அதன் கண்கள் பாதி மூடி இடுங்கியிருந்தன. காதுகள் பின்னால் மடிந்திருந்தன. கன்னம் உப்பி, மூக்கு சுருங்கி, வயிறு தரையோடு ஒட்டியிருந்தது. வலிக்கும் எலியின் முகம் அது என்று எந்தப் பாடநூலும் இல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தைச் சுமந்துகொண்டு கால்கள் ஒழுங்காக வாசலைக் கடந்தன.

அவள் அடுத்த எட்டு நாள் ஒரு புதிய சோதனை செய்தாள். கூண்டில் இரண்டு புட்டிகள். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர். இன்னொன்றில் பழங்கால வலிநீக்கி கலந்த தண்ணீர். வேப்பங்கொட்டை மாதிரிக் கசக்கும். நலமான எலிகள் சர்க்கரையைக் குடித்தன. மீளசை கொடுத்த, வலியில்லாத எலிகளும் சர்க்கரையையே குடித்தன. அமிலமும் மீளசையும் பெற்ற எலிகள் கசப்பைக் குடித்தன. நடந்து போய்க் குடித்தன, குடித்துவிட்டு நடந்தன.

மீளசை வலியைத் தொடவே இல்லை. வலிக்கும் நின்றுபோவதற்கும் இடையில் இருந்த கம்பியை மட்டும் அறுத்திருந்தது. அவள் கேட்டது அசைவை. அந்த மருந்து அசைவைக் கொடுத்துவிட்டது.

இசக்கிராஜிடம் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னாள். ஆனால் இரத்தத்திலிருந்து அது முழுதாக இறங்க மூன்று வாரமாகும். அவன் எடை ஏற்கெனவே ஆறு கிலோ குறைந்திருந்தது. காலையில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தான். வாந்தி எடுத்துவிட்டு வேலைக்குப் போனான்.

மருந்து மதிப்பீட்டுக் குழுவைத் திரையில் சந்தித்தாள். தலைவர் இளம்பரிதி அவளோடு சென்னையில் படித்தவர். அவள் பேசி முடிக்கும்வரை ஐந்து பேரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

"அந்த எலிகளோட எண்ணிக்கை என்ன?" என்றார் இளம்பரிதி.

"இருபத்தொன்பது. சராசரி."

"அதாவது இயல்பு."

"ஆமா. ஆனா அதுங்க முகம்..."

"மூடியத் திறந்தீங்களா?"

அவள் தலையசைத்தாள்.

"பார்க்கப்பட்ட எலி செல்லாது. விதி ஏழு. நீங்க எழுதினது மேடம்."

"கசப்புத் தண்ணி? அதுல யாரும் எதையும் பார்க்கலையே."

"போதைக்காகவும் குடிக்கலாம்னு உங்க முதல் கட்டுரையிலேயே சொல்லியிருக்கீங்க. குடிக்கிற சோதனைகளை ஒதுக்கணும்னு வாதாடினதே நீங்கதான்." அவர் குரல் உண்மையிலேயே வருத்தத்தோடு இருந்தது. "சட்டத்துல வலின்னா என்ன? அசைவுக் குறைவு. அசைவு குறையலைன்னா எதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம் நாம? அதுக்கு ஒரு பேரு சொல்லுங்க, நான் பதிவு பண்றேன்."

'வலி' என்ற, அவளிடம் இருந்த ஒரே பெயரை அவளே பதினைந்து வருடத்துக்கு முன் எண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"அப்ப நான் சொன்னது நெசந்தான்," என்றான்.

"நெசந்தான்."

"அதுக்கு எலி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கு." சிரிக்க முயன்றான். "சரி விடு. எலி சொன்னாலாவது கேட்டியே."

அவனைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. எண் எழுபதுக்குக் கீழே விழுந்தால் மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும். சேர்த்ததும் மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மீளசை ஊசி போடுவார்கள். ஆறு மணி நேரம் ஆகியும் எண் ஏறாவிட்டால் படக்கருவியின் கதவு திறக்கும். ஆகவே ஆறு மணி நேரம் அவன் உடல் அடங்கிக் கிடக்க வேண்டும், பாவனை இல்லாமல், தசை நடுக்கம் இல்லாமல்.

ஆய்வுக்கூடத்தின் அலமாரியில் பழைய மயக்க மருந்து ஒன்று இருந்தது. போலி மருந்து எப்படி இருக்கும் என்று புதிய ஆய்வாளர்களுக்குக் காட்டுவதற்காக அதை வைத்திருந்தார்கள். அதைப் போலி என்று நிரூபித்துத்தான் அவள் பெயர் வாங்கினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இளநீரில் கலந்து கொடுத்தாள். இசக்கிராஜ் தம்ளரை முகர்ந்து பார்த்தான்.

"எலிக்குள்ளதா?"

"ஆமா."

"முழிக்கும்போது வால் மொளச்சிருந்தா நீதான் பொறுப்பு," என்று குடித்தான்.

பத்தரைக்கு எண் நாற்பதுக்கு இறங்கியது. பதினொரு மணிக்கு இருபத்திரண்டு. யாரும் அழைக்காமலே ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்போல வாசலில் நின்று 'உள்ள வரலாமா' என்று கேட்டார்கள். பதினொன்றரைக்கு அவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான். முதல் ஊசி போட்டார்கள். எண் அசையவில்லை. இரண்டரைக்கு இரண்டாவது ஊசி. அசையவில்லை. கட்டிலுக்கு நேரெதிரே படக்கருவி அறையின் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தரைக்கு அது பச்சையாகும்.

பொன்னருவி அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். அளவைக் குறைத்துத்தான் கலந்திருந்தாள். கூடினால் மூச்சு நின்றுவிடும்.

நாலே முக்காலுக்கு அவன் இடது கால் கட்டைவிரல் அசைந்தது.

எண் இருபத்தாறு. முப்பத்தைந்து. கணுக்கால் திரும்பியது. தூக்கத்திலேயே முழங்கால் மடங்கி எழ முயன்றது. மயக்கம் வடிய வடிய, இரண்டு மடங்கு மீளசை அவன் தசைகளில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு. அவள் அவன் பாதங்களைப் பிடித்து அழுத்தினாள். கை தப்பியது. ஐம்பத்தேழு. அவள் கட்டிலில் ஏறி அவன் கால்களின் குறுக்கே படுத்துக்கொண்டாள். அடியில் அவை மெல்ல, பிடிவாதமாக, ஏணியில் ஏறுவதுபோல மாறி மாறி நகர்ந்தன. அவள் தன் முழு எடையையும் அவற்றின் மேல் போட்டாள்.

"அக்கா! என்ன செய்யுதிய?" செவிலியர் ஷகிலா ஓடி வந்தாள்.

"அரை மணி நேரம். அரை மணி நேரம் மட்டும் விடு."

"அவரு தேறி வாராரு அக்கா. நீங்க போய் அமுக்குதியளே! கால விடுங்க."

"தேறல. ஷகிலா, நான் சொல்லுதத நம்பு. அவருக்கு வலிக்குது."

ஷகிலா குனிந்து பட்டையைப் பார்த்தாள். எழுபத்தொன்று. அவள் முகம் மலர்ந்தது. பிறகு இன்னொருத்தியைக் கூப்பிட்டு, இருவருமாகப் பொன்னருவியை மெதுவாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.

ஐந்தரைக்கு எண் தொண்ணூற்றாறு. படக்கருவியின் சிவப்பு விளக்கு பச்சையாகாமலே அணைந்தது. மருத்துவர் வந்து இசக்கிராஜின் தோளைத் தட்டினார். இருபத்திரண்டிலிருந்து தொண்ணூற்றாறு, இப்படி ஒரு மீட்சியை அந்த வட்டத்தில் யாரும் பார்த்ததில்லை என்றார். அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

வாசலில் அவள் கேட்டாள்: "எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு," என்றான். "வா, பஸ் வந்துரும்." அவன் வேகமாக நடந்தான். அவளால் அந்த வேகத்துக்கு நடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் மூன்று ஊர்களின் மருத்துவமனைகளுக்கு அவனை அழைத்துப் போனாள். மூன்றிலும் பட்டையைப் பார்த்தார்கள். ஏழாம் நாள், வியாழக்கிழமை மதியம், இசக்கிராஜ் ஒரு தூணிலிருந்து இறங்கி வண்டிவரை நடந்து வந்து, ஓட்டுநரிடம், "கொஞ்சம் சாஞ்சுக்கிடுதேன்" என்று சொல்லிக் கண்ணை மூடினான்.

உடலைத் திறந்து பார்த்தவர்கள், இரைப்பையில் ஓட்டை விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்ததாக எழுதினார்கள். அந்த இரண்டு நாளில் அவன் ஐந்து தூண்கள் ஏறியிருந்தான். படிவத்தில் 'வலி' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பொன்னருவி படுத்தாள். எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. பல் துலக்கவில்லை, கூந்தல் முடியவில்லை. மரியசெல்வம் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று சொல்லவில்லை. பொன்னருவிக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. இந்த இருட்டான தரையில் எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் கிடக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை அவள் பட்டை முப்பத்தெட்டைத் தொட்டது. ஒன்பது மணிக்கு வாசலில் வண்டி நின்றது.

"உள்ள வரலாமா?"

"வேண்டாம்," என்றாள் மரியசெல்வம் வாசலில் போய் நின்று. "அது நோய் இல்ல. புருசன் செத்த வீடு. அழுது தீரட்டும், விடுங்க."

அவர்கள் நல்லவர்கள். மிகவும் மரியாதையாக மரியசெல்வத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எண் எழுபதுக்குக் கீழே இருக்கும் யாரையும் விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை. ஊசி கொசு கடித்தது போலத்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில் பொன்னருவி எழுந்தாள்.

முகம் கழுவினாள். வீட்டைப் பெருக்கினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவளுக்குள் இசக்கிராஜ் தூணிலிருந்து இறங்கி வண்டிக்கு நடந்துகொண்டே இருந்தான். அந்த நடையில் ஓர் அடிகூடக் குறையவில்லை. கைகள் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தன. வந்தவர்கள், நல்ல நெஞ்சுறுதி, தேறிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மரியசெல்வம் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு இளம்பரிதி அழைத்தார்.

"உங்க எண்ணை இப்பதான் பார்த்தேன் மேடம். தொண்ணூத்தேழு. மனசுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா."

"உள்ள ஒண்ணுமே கொறையல சார்," என்றாள். "அப்படியே இருக்கு. நீங்க பேரு கேட்டீங்கல்ல, இதைத்தான் சொன்னேன். இப்போ என்னையே எழுதிக்கோங்க. நான் எலி இல்ல, எனக்குப் பேச வரும். வலிக்குது."

அவர் எழுதுகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார். "இப்போ என்ன செஞ்சுக்கிட்டிருக்கீங்க?"

பொன்னருவி தன் கைகளைப் பார்த்தாள்.

"சோறு வடிக்கிறேன்."

"அப்புறமென்ன," என்றார் அவர் அன்போடு.